வராதவர் விதி

“நான் இல்லாதப்போ நான் என்ன பண்ணுவேன்னு உனக்கு எப்படி ரோ தெரியும்?”

கேட்டவன் டார்ஸி. கேட்டுவிட்டு சாசேஜ் ரோலை ஒரு கடி கடித்தான்.

ரொவீனா பிக்ஸ்பி பதில் சொல்லவில்லை. அவள் பெரும்பாலும் எதற்கும் பதில் சொல்வதில்லை, நோட்டில் எழுதிக்கொள்வாள். பதினைந்து வயதில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்குக்கூட, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதுதான் காரணம். இப்போது வயது முப்பத்து மூன்று. தென்கோடி நகரமான ஹோபார்ட்டில் பழைய சாமான் கடை ஒன்றின் பின்னறையில், யார் யாரோ கொடுத்துவிட்டுப் போகும் துணிகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. துணிகள் பேசுவதில்லை என்பதால் பிடித்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பேசுவாள். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சிறிய கூடத்தில் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ‘துருநகரம்’ ஆடுவார்கள்.

துருநகரத்துக்குப் பலகை கிடையாது, காய்களும் கிடையாது. ஆண்டு 2091. கடல் ஏறிப் பாதி முழுகிப்போன ஒரு நகரம். அங்கே எல்லாருக்கும் உடம்பில் பாதி இயந்திரம், மண்டைக்குள் ஒரு கணினிச் சில்லு. மேசையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக மாறி, “நான் இதைச் செய்றேன்” என்று சொல்ல வேண்டியது. அது முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்திச் செல்பவள் ரொவீனா.

அறுபத்தெட்டு வயது நோலீன், தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஆட்டத்தில் அவர் கூலிக்குக் கொலை செய்யும் வெல்வெட். வலது முழங்கைக்குக் கீழே துப்பாக்கி. டவிட்டா நகரப் பேருந்து ஓட்டுநர். கற்பனையில் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நான் டிரைவராவே இருக்கேன்” என்றவர். டார்ஸி டீசல் மெக்கானிக். அவன் பாத்திரத்தின் பெயர் கப்பி.

பிப்ரவரியில் டார்ஸிக்கு அண்டார்டிகா நிலையம் ஒன்றில் குளிர்கால வேலை கிடைத்தது. கப்பல் ஏறினால் நவம்பரில்தான் திரும்ப முடியும். திரையில் முகம் காட்டி ஆடலாமே என்று டவிட்டா சொன்னதற்கு, “அது பல் வலிக்கு போன்ல மருந்து போடற மாதிரி. மேசையில உக்காந்தாத்தான் ஆட்டம்” என்று மறுத்துவிட்டான்.

அப்படியானால் கப்பியை என்ன செய்வது? அந்தச் சின்னச் சிக்கலுக்காகத்தான் ரொவீனா ‘வராதவர் விதி’யை எழுதினாள்.

அப்போது அவள் துருநகரத்துக்குத் துணைவிதி நூல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். மெல்போர்னில் ஒரு சிறு பதிப்பகம் அதை அச்சிட ஒப்புக்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையில் யாரோ ஒருவர் அவள் எழுதியதைக் கேட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. வராதவர் விதிதான் நூலின் கடைசி அத்தியாயம்.

விதி இதுதான். ஆட்டக்காரர் வராத நாளில் அவருடைய பாத்திரத்தை மண்டைச்சில்லு நடத்தும். அதற்காக அந்த ஆட்டக்காரரின் நிஜப் பழக்கங்கள் இருபதைப் பட்டியல் போட வேண்டும். ஞாயிறுதோறும் இருபது முகப் பகடையை ஒரே ஒரு முறை உருட்ட வேண்டும். எந்த எண் விழுகிறதோ அந்தப் பழக்கம்.

டார்ஸிக்கு அவள் போட்ட பட்டியலில் ஏழாவது: தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பான். பதினொன்றாவது: கையில் கிடைத்ததைக் கழற்றுவான், திரும்பப் பூட்டும்போது சில மிஞ்சும். இருபதாவது: சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து காற்று வாங்க வெளியே போவான்.

அதை வாசித்துவிட்டுத்தான் டார்ஸி அப்படிக் கேட்டான். பிறகு இன்னொன்றும் கேட்டான்.

“உனக்குப் பட்டியல் இல்லையா?”

“வராதவங்களுக்குத்தான் பட்டியல்,” என்றாள் ரொவீனா, மேசையைப் பார்த்துக்கொண்டே. “நான் வராம இருந்ததே இல்லையே.”

“வந்துட்டு எப்பப் போறேன்னுதான் யாருக்கும் தெரியறதில்ல,” என்றார் நோலீன். அது உண்மை. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ரொவீனா மறைந்துவிடுவாள். போய்வருகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்தான்.

டார்ஸி விதியை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டான். “அங்க குளிர்காலம் பூரா படிக்கிறதுக்கு ஏதாவது வேணும்” என்று பையில் திணித்துக்கொண்டு கப்பலேறினான்.

மே மாதம், விதியை முதல் தடவையாக ஆடிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, பகடையில் பதினொன்று விழுந்தது. தப்பியோடும் வண்டியின் எஞ்சினைக் கப்பி ஓடும்போதே கழற்றிவிட்டான். டவிட்டா தலையில் அடித்துக்கொண்டார்.

“இந்த ஆளு இங்க இருந்தாலும் தொல்லை, இல்லாட்டியும் தொல்லை.”

புதன்கிழமை டார்ஸியின் மின்னஞ்சல் வந்தது. “ஞாயித்துக்கிழமை காபி மெஷினைக் கழட்டினேன் ரோ. ஏன்னு தெரியல. நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. மூணு துண்டு மிஞ்சிப்போச்சு. யாரும் என்கூடப் பேசல.”

ரொவீனா அதை மூன்று தடவை படித்தாள்.

அடுத்த வாரம் நான்கு விழுந்தது: சம்பந்தமே இல்லாத ஆளிடம் சண்டை பிடிப்பான். கப்பி ஒரு தானியங்கிக் கதவோடு மல்லுக்கு நின்றான். புதன்கிழமை கடிதத்தில், நிலையத்து வானிலைக்காரரோடு ஜாம் பாட்டில் மூடி விஷயமாக டார்ஸிக்கு மூண்ட சண்டை கைகலப்பு வரை போயிருந்தது.

மூன்றாம் வாரம் பதினேழு: ஒரே பாட்டின் முதல் வரியை மட்டும் பாடுவான். புதன்கிழமை அதுவும் வந்தது.

“அதிசயமா என்ன?” என்றார் நோலீன். “அவன் பழக்கத்தைத்தானே எழுதின. அவன் பழக்கத்தைத்தானே அவன் செய்யறான்.”

“அதே ஞாயித்துக்கிழமையா?”

“ஒரு மனுசன் எல்லா ஞாயித்துக்கிழமையும் பாடுவான் கண்ணு.”

ஆனால் கடிதத்தின் கடைசியில் டார்ஸி ஒன்று எழுதியிருந்தான். “இப்ப வெளிய கையை நீட்டினா கை தெரியாது. அப்படிக் காத்து. தனியாக் கதவைத் திறந்து வெளிய போனா அடுத்த கதவு வரைக்கும் போய்ச் சேருவோமாங்கறதே சந்தேகம்.”

ரொவீனா பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தாள். பகடையை எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டு இறுக மூடினாள். டப்பாவுக்குள் அது தானாக ஒருமுறை புரண்டது போலிருந்தது.

ஜூன் கடைசி ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன் அவள் இருபதாவது வரியை அடித்துவிட்டு, ‘தூங்கிவிடுவான்’ என்று எழுதினாள்.

“பதிப்பகத்துக்காரங்க என்ன சொன்னாங்க?” என்று நோலீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பத்து வாரம் மேசையில ஆடிப் பார்த்த விதிதான் அச்சுக்குப் போகும். மாத்தினா மறுபடி முதல்லேருந்து பத்து.”

“பரவாயில்லை.”

உருட்டினாள். இருபது.

தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் மட்டும் மூலையில் முணுமுணுத்தது.

“தப்பிச்சோம் பாருங்க,” என்றாள் ரொவீனா. அவள் நெற்றி வேர்த்திருந்தது. வெளியே ஜூன் குளிர்; மலை முழுக்கப் பனி.

அடுத்த புதன் கடிதம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உருட்டப் போனபோது நோலீன் அவள் கையைப் பிடித்தார்.

“எதுக்கு உருட்டற? அவன் தூங்கறான்.”

“அது போன வாரம்.”

“எப்ப எழுந்துப்பான்னு விதியில இல்லையே. எழுதாதது நடக்காது. நீ சொன்னதுதான்.”

அதற்கடுத்த புதனும் கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமை நிலையத்து மருத்துவர் இரண்டு வரி அனுப்பினார்: டார்ஸிக்கு ஒன்றுமில்லை, தூங்குகிறான், சாப்பிட எழுகிறான், மறுபடி தூங்குகிறான், இப்படிப் பதினோரு நாள், அவன் இந்த முகவரிக்குத் தெரிவிக்கச் சொன்னான்.

அந்த இரண்டு வாரமும் ரொவீனாவுக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. கடையில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டை யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். முன்னறையில் விற்கிறவள், “உனக்கு நல்லாயிருக்கும்” என்றாள். மஞ்சள் என்றாலே ரொவீனாவுக்கு ஆகாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டுவிட்டாள். அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் பேருந்தில், இறங்க வேண்டிய இடத்தில் மணியடிக்கக் கை வராமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டாள்.

“ரெண்டு தடவை கண்ணாடியில பாத்தேன்,” என்றார் டவிட்டா, ஞாயிற்றுக்கிழமை. அவர் ஓட்டிய பேருந்துதான். “மஞ்சளா ஒண்ணு கடைசி சீட்டுல. பேய்னு நெனச்சு ஸ்டீரிங்கை விட்டுட்டேன்.”

“டார்ஸிய நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்.”

“அவனை எழுப்பித் தொலை. நீயும் எழுந்துப்ப.”

ஜூலை நடுவில் ரொவீனா புதிய வரி சேர்த்தாள்: ‘தூங்குபவரைப் பக்கத்திலிருப்பவர் சத்தம் போட்டு எழுப்பலாம்.’

“எவ்வளவு சத்தம்?” என்று கேட்டார் நோலீன்.

“எவ்வளவு வேணும்னாலும்.”

அது அவள் செய்த பிழை. வெல்வெட் தன் முழங்கைத் துப்பாக்கியைக் கப்பியின் காதருகே வைத்து எல்லாத் தோட்டாக்களையும் கூரையில் தீர்த்தாள். முப்பது வருடம் முத்திரை குத்திய கை. நோலீன் மேசையில் அறைந்த அறையில் தேநீர்க் கோப்பைகள் துள்ளின.

புதன்கிழமை டார்ஸி எழுதினான். “முழிச்சுட்டேன்! நிலையம் பூரா தீ எச்சரிக்கை மணி தானா அடிச்சுது. தீயும் இல்ல, புகையும் இல்ல. விதிப்படி எல்லாரும் வெளிய ஓடி வரிசையா நின்னோம். இருபத்தியோரு பேர். மைனஸ் முப்பது. சமையல்காரம்மா தூங்கற உடுப்போட.”

ஒருவனை வெளியே விடக் கூடாது என்று ஆரம்பித்து, இருபத்தியோரு பேரை வெளியே நிறுத்தியாயிற்று.

ரொவீனா அன்று முழுக்க வாசல் கதவுகளைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனாள். கடைக் கதவில் முட்டிக்கொண்டு அதனிடம் மன்னிப்பும் கேட்டாள்.

“இருபதுங்கற எண்ணே வரக் கூடாது,” என்றாள் ஜூலைக் கடைசியில். “இனிமே ஆறு முகப் பகடை. ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் இருக்கற பழக்கம் மட்டும்.”

டவிட்டா பட்டியலை எடுத்துப் பார்த்தார். “ஒண்ணு, அடுத்தவன் தட்டுல கை வைப்பான். ரெண்டு, ஒரே கதையைத் திரும்பச் சொல்வான். மூணு, அடுத்தவனுக்கு வேலை கத்துக் கொடுப்பான். நாலு, சண்டை. அஞ்சு, நான் அப்பவே சொன்னேன்ல என்பான். ஆறு, பாதம் நாறும், காலணியைக் கழற்றுவான்.” பட்டியலைக் கீழே வைத்தார். “பாஸ், இந்த ஆறை மட்டும் வெச்சுக்கிட்டு ஒருத்தன் உசுரோட இருக்க முடியாது.”

முடியவில்லைதான். ஆகஸ்ட் நடுவில் கடிதம் இப்படி வந்தது: “எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல ரோ. வாயைத் திறந்தா அதே கதை வருது. நிறுத்த முடியல. நேத்து காலணியைக் கழட்டினதும் நாலு பேர் சேர்ந்து தூக்கினாங்க. அடுத்த தடவை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடுவோம்னு சொல்றாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா ஒருத்தர் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாரு.”

“ஆட்டத்தை நிறுத்திடலாம்,” என்றாள் ரொவீனா. “கப்பியை ஊரை விட்டு அனுப்பிடலாம்.”

“எப்படிப் போவான்?” என்றார் நோலீன்.

“எப்படின்னா?”

“ஊரை விட்டுப் போறதுன்னா வெளியத்தான போகணும்?”

கூடத்தின் கதவு காற்றில் ஒரு தடவை அசைந்தது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். டவிட்டா எழுந்து போய் அதற்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

“நிறுத்தினாலும் விட்ட இடத்துலயேதான் நிப்பான்,” என்றார் உட்கார்ந்துகொண்டே. “காலணியைக் கழட்டினபடி.”

ஆகஸ்ட் கடைசியில் ரொவீனா பட்டியல் முழுவதையும் அடித்தாள். இருபது வரிக்கும் பதிலாக ஒரே வரி எழுதினாள்: ‘வராதவர் உட்கார்ந்த இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருப்பார்.’

“அவ்வளவுதானா?” என்று நோலீன் கேட்டார்.

“அவ்வளவுதான்.”

செப்டம்பர் முழுக்க நிம்மதி. கப்பி ஒரு மதுக்கடை மூலையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் துப்பாக்கிச் சண்டை நடந்தது, வெள்ளம் வந்து வடிந்தது; அவன் உட்கார்ந்திருந்தான். வாரங்கள் எண்ணிக்கையில் ஏறின. நான்கு. ஐந்து. ஆறு. மெல்போர்னிலிருந்து அட்டைப்படத்தின் மாதிரி வந்தது. கீழே ‘ரொவீனா பிக்ஸ்பி’ என்று நீல எழுத்தில். அவள் அதைத் துணிமூட்டைகளுக்கு நடுவே வைத்து, யாரும் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவளின் பெயர். எழுந்து நின்று வாசிக்காமலே அச்சாகப் போகிற பெயர்.

டார்ஸியின் கடிதங்களும் அமைதியாக வந்தன. “உக்காந்திருக்கேன். நல்லாயிருக்கு.” அடுத்த வாரம்: “உக்காந்திருக்கேன்.” அதற்கடுத்த இரண்டு வாரமும் எழுத்தே இல்லை, சாப்பாட்டு அறையில் ஜன்னலோர நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கும் படம் மட்டும். சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. போன வாரத்துப் படமும் அதுவேதான் என்று டவிட்டா சொன்னார். ரொவீனா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஜன்னலில் வெளிச்சம் மாறியிருந்தது. டார்ஸி மாறவில்லை.

நவம்பரில் பத்தாவது ஞாயிறு வந்தது. அன்று அதே விதியோடு ஆடி முடித்துவிட்டால் நூல் திங்களன்று அச்சுக்குப் போகும்.

அன்று காலையில் கடிதம் வந்தது.

“கப்பல் வந்து நாலு நாளாச்சு ரோ. வாசல்லயே நிக்குது. நாளைக்குக் கிளம்புது. எல்லாரும் மூட்டை கட்டியாச்சு. எனக்குத்தான் எழுந்திருக்கத் தோணல. ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கிப் பாத்தாங்க, கால் நிக்கல. மருத்துவர் கால் நல்லாத்தான் இருக்குங்கறார். இந்த நாற்காலி நல்லாயிருக்கு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

ரொவீனா அச்செடுத்து வந்த கடிதத்தை மேசையில் வைத்தாள். டவிட்டா படித்துவிட்டு நோலீனிடம் கொடுத்தார். நோலீன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கண்ணு,” என்றார். அதுவரை அவர் குரல் அப்படி வந்ததில்லை. “இது பத்தாவது வாரம். இன்னிக்கு மாத்தினா உன் புத்தகம் போச்சு. அவங்க காத்திருக்க மாட்டாங்க.”

“தெரியும்.”

“பழைய இருபதை மறுபடி போட்டாலும் இருபதுல ஒண்ணுதான் வெளிய. ஒரே தடவைதான் உருட்டலாம். விழுந்தது விழுந்ததுதான்.”

“தெரியும்.”

ரொவீனா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்டாள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரே வாக்கியத்தை இருபது தடவை எழுதினாள், தண்டனை எழுதுகிற பள்ளிப் பிள்ளை மாதிரி: ‘எழுந்து வெளியே போவான்.’

டவிட்டா எட்டிப் பார்த்தார். “எல்லாமே அதுதான்னா பகடை எதுக்கு?”

“உருட்டித்தான் ஆகணும். அதுதான் விதி.”

“கப்பல் நிக்கற பக்கம் போகாம வேற பக்கம் போயிட்டான்னா?”

ரொவீனா கூடத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதமாக எந்தக் கதவை அவனுக்குத் திறந்துவிடக் கூடாது என்று இத்தனை விதி எழுதினாளோ, அந்தக் கதவை இப்போது அவளே திறக்கிறாள். எழுந்து போய், டவிட்டா வாராவாரம் முட்டுக் கொடுத்துவந்த நாற்காலியைக் கூடத்துக் கதவிலிருந்து எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உருட்டினாள்.

பன்னிரண்டு விழுந்தது.

“எழுந்து வெளிய போறான்,” என்று வாசித்தார் நோலீன். அதற்குப் பிறகு அன்று யாரும் ஆடவில்லை. திங்களன்று ரொவீனா மெல்போர்னுக்கு ஒரு வரி எழுதினாள்: விதி மாறிவிட்டது, மன்னிக்கவும். அவர்களும் ஒரு வரிதான் பதில் எழுதினார்கள். அட்டைப்படத்தை அவள் துணிமூட்டைக்கு அடியில் வைத்தாள்.

புதன்கிழமை கடிதம் இல்லை. அடுத்த புதனும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு மதியம் கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு டார்ஸி வந்தான். தாடி, இளைத்த முகம், கையில் சாசேஜ் ரோல் பொட்டலம். பின்னால் ஒரு தடித்த பெண்மணி.

நோலீன் அவனை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். “செத்தவனே! ஒரு வரி எழுதினா என்ன?”

“கப்பல்ல இணைப்பு இல்ல நோலீன்! ஆனா கேளுங்க, அந்த ஞாயித்துக்கிழமை மதியம் திடீர்னு எழுந்தேன். காலணிகூட மாட்டல. கதவைத் திறந்து நடந்தேன். நடந்த வழியில கப்பல் இருந்துச்சு. அவ்வளவுதான்!” சிரித்தான். தன் நகைச்சுவைக்குத் தானே.

ரொவீனா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. புத்தகம் போனால் போகட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைத் தானே தீர்மானித்து, தானே செய்து, அது சரியாகவும் முடிந்திருக்கிறது.

“இவங்க பியர்ல், எங்க சமையல்காரம்மா,” என்றான் டார்ஸி. “உங்களையெல்லாம் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்.”

பியர்ல் ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். ரொவீனாவிடம் வந்தபோது கையை விடவே இல்லை.

“அட, நீங்கதானா ரொவீனா! நீங்கதான் அந்த வராத ஆளு!”

“நான் வராம இருந்ததே இல்லையே,” என்றாள் ரொவீனா.

“எங்க மேசைக்கு ஒரு ஞாயித்துக்கிழமைகூட வரலையேம்மா நீங்க.”

டார்ஸி தலையைச் சொறிந்தான். “ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லல ரோ. அங்க நாங்க நாலு பேர் துருநகரம் ஆடினோம். நீ இல்லாத குறைதான். அதனால உன்னோட விதியையே எடுத்து, உனக்கு ஒரு பட்டியல் போட்டேன்.”

பியர்ல் பையிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து மேசையில் விரித்தார். “இவங்களுக்கு உருட்டினது பூரா நான்தான். பாருங்க. ஜூலைல ஒன்பது. ‘நல்லாயிருக்குன்னு யாராவது சொன்னா, பிடிக்காததையும் வாங்கிடுவா.’ அப்புறம் ஆறு. ‘மணியடிக்க வெக்கப்பட்டுக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போவா.’ நாங்க சிரிச்ச சிரிப்பு!”

டவிட்டா சிரிக்கவில்லை. கொக்கியில் தொங்கிய மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்தார்.

“ஆனா அதிகம் விழுந்தது பன்னெண்டுதான்,” என்றார் பியர்ல். “‘விதியை அடிச்சுட்டுப் புதுசா எழுதுவா.’ ஜூன்ல ஒண்ணு, ஜூலைல ரெண்டு, ஆகஸ்ட்ல ஒண்ணு. கடைசியா அங்கேருந்து கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒண்ணு. பகடையில ஒரு பக்கம் கனம் கூடியிருக்கோன்னு மருத்துவர் அதை உப்புத் தண்ணியில மிதக்கவிட்டே பாத்தாரு. நல்ல பகடைதான்.”

நோலீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளில் மாதங்களை விரலால் எண்ணினார். விரல் ஐந்தாவது இடத்தில் நின்றுவிட்டது.

“இன்னிக்கு உருட்டினீங்களா?” என்று கேட்டார், ரொம்ப மெதுவாக.

“காலைல, கப்பல்லேருந்து இறங்கறதுக்கு முன்னாடி. ஆசைக்குக் கடைசியா ஒண்ணு.” பியர்ல் கடைசித் தாளைப் புரட்டினார். “இருபது விழுந்துச்சு. இருபதுன்னா என்ன எழுதியிருந்த டார்ஸி? எழுத்து அழிஞ்சிருக்கே… இரு, வெளிச்சத்துல பாக்கறேன்.”

நான்கு தலைகளும் அந்தத் தாளின் மேல் குனிந்தன.

“ம்… ‘போய்வர்றேன்னுகூடச் சொல்லாம எழுந்து போயிடுவா.’”

நோலீன்தான் முதலில் நிமிர்ந்தார். ரொவீனாவின் நாற்காலி பின்னுக்குத் தள்ளியிருந்தது, கொக்கி காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று, திரும்பிப் பார்க்காமல், தேவாலயத்து வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.